காயம் தெரியாத அடி: மூளை அதிர்ச்சியை மனிதர்கள் அறிந்துகொண்ட வரலாறு

பயணம் ஒன்றில் நடந்த நிகழ்வு அது. நபித்தோழர்களில் ஒருவருக்குத் தலையில் கல் பட்டுக் காயம் ஏற்பட்டிருந்தது. பின்னர் அவருக்குக் குளிப்பு கடமையாயிற்று. தயம்மும் செய்துகொள்ள எனக்கு அனுமதி உண்டா என்று உடன் வந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது அனுமதி இல்லை என்றார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி நபி (ஸல்) அவர்களிடம் எட்டியபோது, அந்தத் தீர்ப்பைச் சொன்னவர்களே அவரைக் கொன்றுவிட்டதாகக் கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா என்றார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக அபூதாவூதில் பதிவாகியுள்ள இச்செய்தியை நம்மில் பெரும்பாலோர் தயம்மும் பாடத்தில்தான் படித்திருப்போம். தலையில் அடிபட்ட ஒருவரிடம் சுற்றியிருந்தவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்ற கோணத்தில் அதை நாம் வாசித்ததில்லை.

அந்தத் தோழரின் காயம் கண்ணுக்குத் தெரிந்தது. தெரிந்தும் அதன் கனம் உணரப்படவில்லை. அப்படியானால் கண்ணுக்கே தெரியாத காயத்தின் நிலை என்ன? இந்தக் கேள்வி ஏட்டிலிருந்து நமக்கு வரவில்லை. நம் தெருவிலிருந்து வந்தது.

சென்ற ஆண்டு, ஹிஃப்ழ் ஓதும் 13 வயதுப் பையன் ஒருவன் அஸருக்குப் பின் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தான். உயரே வந்த பந்தைப் பிடிக்க இருவர் ஓட, இருவர் தலையும் மோதின. இவன் இரண்டு நிமிடம் தரையில் உட்கார்ந்திருந்தான். எழுந்து மீண்டும் ஆடினான். இரத்தம் இல்லை, வீக்கமும் இல்லை. இரவில் ஒருமுறை வாந்தி எடுத்ததால் பெற்றோர் பயந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஸ்கேன் எடுத்தார்கள், எல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுப்பிவைத்தார்கள். மூன்றாம் நாள் மதரஸாவுக்குப் போனான். அதன் பிறகுதான் விந்தை தொடங்கியது. ஏற்கெனவே மனனம் செய்த ஜுஸ்உகளைத் தடையின்றி ஓதினான். ஆனால் புதிய சபக் ஒரு வரியும் தங்கவில்லை. காலையில் ஓதியது ளுஹருக்குள் மறைந்துவிடும். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது, தலை பாரமாக இருக்கிறது என்றான். ஒன்றுமில்லை என்று ஸ்கேன் சொல்லிவிட்டதே! சோம்பல் என்றார் உஸ்தாத். நடிப்பு என்றார் தகப்பனார். மூன்று வாரம் அந்தப் பிள்ளை எல்லோரிடமும் ஏச்சு வாங்கினான். அதன் பிறகு வேறொரு மருத்துவர்தான் அவனை அரை மணி நேரம் உட்காரவைத்துப் பேசி, நடக்கவைத்து, நிற்கவைத்துப் பார்த்து, இது மூளை அதிர்ச்சி என்று பெயர் சொன்னார். விளையாட்டுச் செய்திகளில் கன்கஷன் என்று வருவது இதுதான்.

அந்தப் பிள்ளையை ஏசியவர்களில் நாமும் இருந்தோம். அதனால்தான் இதன் வரலாற்றைத் தேடிப் படித்தோம்.

மூளை மண்டையோட்டுக்குள் நீர் சூழ்ந்து மிதக்கும் மென்மையான பொருள். ஏறத்தாழ கெட்டித் தயிரின் பதம். தலையிலோ, உடலில் வேறெங்கோ விழும் அடியின் வேகம் தலையை உலுக்கும்போது மூளை குலுங்குகிறது. எலும்பு உடையாமலும், இரத்தம் கசியாமலும், நினைவே தப்பாமலும்கூட அதன் வேலை குலைந்துவிடலாம். ஸ்கேன் காட்டுவது உருவத்தை. இங்கே கெட்டிருப்பது வேலை. இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ளத்தான் மருத்துவ உலகம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது.

நம் ஃபிக்ஹ் நூல்களைத் திறந்தால், தலைக்காயங்களுக்கென்று தனிப் பாடமே இருப்பதைக் காணலாம். தலையிலும் முகத்திலும் ஏற்படும் காயங்களை ஷிஜாஜ் என்பர். தோலைக் கீறும் காயத்திலிருந்து மூளையின் சவ்வு வரை இறங்கும் காயம் வரை, ஆழத்தைக் கொண்டு அவற்றை இமாம்கள் வரிசைப்படுத்தினார்கள். எலும்பு வெளித்தெரிந்தால் அது முளிஹா. அதற்கு ஈடு 5 ஒட்டகங்கள். எலும்பு உடைந்தால் ஹாஷிமா. உடைந்த எலும்பு இடம் பெயர்ந்தால் முனக்கிலா, 15 ஒட்டகங்கள். மூளைச் சவ்வை எட்டிவிட்டால் மஃமூமா. முழுத் தியத்தில் மூன்றில் ஒரு பங்கு. யமன் மக்களுக்காக அம்ர் பின் ஹஸ்ம் (ரலி) அவர்களிடம் கொடுத்தனுப்பப்பட்ட நபி (ஸல்) அவர்களின் கடிதத்தில் இந்த அளவுகள் இடம்பெற்றுள்ளன. மருத்துவக் கருவி எதுவுமில்லாத காலத்தில், விரலாலும் கண்ணாலும் அறியக்கூடிய ஒன்றை அளவுகோலாக்கிய ஏற்பாடு இது.

எனினும் அதே பாடத்தில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. ஒருவர் மற்றொருவரின் தலையில் கல்லால் அடித்துவிட்டார். அடிபட்டவர் உயிர் பிழைத்தார். ஆனால் அவருடைய செவிப்புலன், பேச்சு, அறிவு, இல்லற ஆற்றல் நான்கும் போய்விட்டன. வழக்கு உமர் (ரலி) அவர்களிடம் வந்தது. அவர் உயிரோடு இருக்கும்போதே நான்கு முழுத் தியத்துகளை விதித்தார்கள் என்று அறிவிப்புகள் கூறுகின்றன. காயத்தின் ஆழம் எத்தனை விரற்கடை என்று இங்கே எவரும் அளக்கவில்லை. அந்த மனிதரிடம் எது போயிற்று என்பதே கேள்வியாயிற்று. அறிவு தனியே ஓர் உறுப்பைப்போல மதிக்கப்பட்டது. தலையடியை அதன் தழும்பைக் கொண்டு எடைபோடாமல், போன வேலையைக் கொண்டு எடைபோட்ட தீர்ப்பாகவே இதை நாம் பார்க்கிறோம்.

சட்டம் தொட்ட அந்தப் புள்ளியை மருத்துவத்தில் தெளிவாக்கியவராக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவது அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்ராஸியை. (தஃப்ஸீர் எழுதிய இமாம் ஃபக்ருத்தீன் ராஸி வேறு, அவர் மூன்று நூற்றாண்டுகள் பிந்தியவர்.) ஈரானின் ரைய் நகரில் கி.பி. 865 வாக்கில் பிறந்து, அங்கும் பாக்தாதிலும் மருத்துவமனைகளின் தலைமை மருத்துவராக இருந்தவர். அவருடைய தத்துவக் கருத்துகளை உலமாக்கள் கடுமையாக மறுத்துள்ளனர். அது தனி விவாதம். மருத்துவத்தில் அவருடைய பலம் வேறுபாடு காண்பதில் இருந்தது. பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும் பெரியம்மையையும் தட்டம்மையையும் பிரித்து அறிந்து நூல் எழுதியவர் அவர். தலையடியிலும் அதையே செய்தார். அதற்கு முன்பும் கிரேக்க மருத்துவ ஏடுகள் மூளை குலுங்கினால் பேச்சு நின்றுபோகும் என்று சொல்லியிருந்தன. ஆனால் குலுக்கம், முறிவு, சிதைவு எல்லாம் அங்கே ஒரே மூட்டையில் கட்டப்பட்டிருந்தன. மண்டையோடு முறியாமலும் மூளை சிதையாமலும், அதன் இயக்கம் மட்டும் குலைந்து பின்னர் மீளும் ஒரு நிலை உண்டு என்று தனியே பிரித்துக் காட்டியவர் ராஸியே என்பது மருத்துவ வரலாற்றாளர்களின் கணிப்பு.

அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. பின்னால் அது நமக்குத் தேவைப்படும். ஸிர்ஸாம் எனப்பட்ட மூளைச் சவ்வு அழற்சியில் இரத்தம் வடிப்பது பயன் தருமா என்று அறிய, நோயாளிகளில் ஒரு சாராருக்கு வடித்தார், மற்றொரு சாராருக்கு வேண்டுமென்றே வடிக்காமல் விட்டார். முடிவை அறிந்துகொள்வதற்காகவே அப்படிச் செய்ததாக அவரே குறித்து வைத்திருக்கிறார். வழக்கமாகச் செய்யப்படும் சிகிச்சையையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் நம்பக்கூடாது என்ற எண்ணம் அது.

அவர் 925-இல் மறைந்த பிறகு அவருடைய குறிப்புகள் தொகுக்கப்பட்டு ‘அல்ஹாவி’ என்ற பெருநூலாயின. சிசிலியில் ஃபரஜ் பின் ஸாலிம் என்ற யூத அறிஞர் 1279-இல் அதை லத்தீனில் மொழிபெயர்த்தார். அந்தலூஸின் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவியின் அறுவை மருத்துவ நூலும் அதற்கு முன்பே ஐரோப்பா சென்றுவிட்டது. மண்டையோட்டைத் துளைக்கும்போது கருவி மூளைக்குள் இறங்கிவிடாதபடி தடுப்பு வைத்த துளைப்பானை அதில் அவர் விவரித்திருக்கிறார். இந்த நூல்களில் பயின்று வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர் மிலானின் லான்ஃப்ராங்க். 1296-இல் பாரிஸில் அவர் முடித்த அறுவை மருத்துவ நூல், மூளைக் குலுக்கத்தை மண்டை முறிவிலிருந்து பிரித்து, அதன் குறிகள் விரைவில் மறையக்கூடியவை என்றது. லத்தீனில் அதற்கு ‘கொமோஷியோ’ என்ற பெயர் நிலைத்தது. குலுக்கம் என்பதுதான் பொருள்.

பிறகு நீண்ட மந்தம். 1705-இல் பாரிஸில் ஒரு நிகழ்வு நடந்தது. சிறைக் கைதி ஒருவன் ஓடிப்போய்த் தலையால் சுவரில் மோதி அங்கேயே இறந்தான். அலெக்ஸி லித்ரே என்ற மருத்துவர் அவன் தலையைத் திறந்து பார்த்தார். முறிவு இல்லை, இரத்தக் கசிவு இல்லை. உயிரையே பறித்த அடி, கண்ணுக்குத் தெரியும் தடம் எதையும் விடவில்லை. தெரியாததை இல்லாததாகக் கொள்ள முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனாலும் 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இரயில் விபத்துகள் பெருகி, வெளிக்காயமில்லாத பயணிகள் தலைவலி, மறதி, தூக்கமின்மை என்று இழப்பீடு கேட்டு நீதிமன்றம் ஏறியபோது, அவர்கள் நடிக்கிறார்கள் என்றே இரயில் நிறுவனங்கள் வாதிட்டன. ஜான் எரிக்சன் என்ற அறுவை மருத்துவர் 1866-இல் அவர்களுக்காக ஒரு நூல் எழுத, மறுப்பு நூல்களும் வந்தன. நம் தெருப் பையனின் தகப்பனார் சொன்ன அதே சொல்: நடிப்பு.

இந்தக் குலுக்கம் எப்படி நிகழ்கிறது என்ற கேள்விக்கு விடை கிடைத்த கதை ஒரு மோட்டார் சைக்கிளில் தொடங்குகிறது. முதல் உலகப்போரில் உஸ்மானியப் பேரரசுக்கு எதிரான அரபுக் கிளர்ச்சியை ஊக்கிய ஆங்கிலேய அதிகாரி டி. இ. லாரன்ஸை நம் வாசகர்கள் அறிவார்கள். அவரைப் பற்றிய நம் கசப்பும் தெரிந்ததே. 1935 மே 13 அன்று, மிதிவண்டியில் வந்த இரண்டு சிறுவர்களைத் தவிர்க்க வண்டியைத் திருப்பியபோது அவர் தூக்கியெறியப்பட்டார். தலையில் கவசம் இல்லை. ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவர் ஹ்யூ கேர்ன்ஸ். அந்தச் சாவு அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டாம் உலகப்போரின் முதல் 21 மாதங்களில் பிரிட்டனில் 2,279 மோட்டார் சைக்கிள் ஓட்டிகளும் பின்னிருக்கைக்காரர்களும் சாலை விபத்துகளில் இறந்ததை 1941-இல் அவர் எழுதிய கட்டுரை எடுத்துக்காட்டியது. அதே ஆண்டில் பிரிட்டிஷ் இராணுவம் தன் ஓட்டிகளுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. மதரஸாவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பிள்ளைகளைத் தலைக்கவசமின்றி வண்டியின் முன்னால் நிறுத்திக்கொண்டு போகும் நாம், இந்தக் கணக்கு எழுதப்பட்டு எண்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

கேர்ன்ஸ் பணியாற்றிய அதே ஆக்ஸ்ஃபோர்டில் ஹோல்போர்ன் என்ற இயற்பியலாளரும் இருந்தார். மண்டையோட்டின் வடிவத்தில் ஓர் அச்சு செய்து, அதற்குள் ஜெலட்டின் கூழை நிரப்பி, அதைத் திடீரென்று சுழற்றிப் பார்த்தார். நேராக வரும் தள்ளலைவிடச் சுழற்சியே கூழை அதிகம் இழுத்துத் திரிப்பதைக் கண்டார். 1943-இல் இதை வெளியிட்டார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு டென்னி பிரவுனும் ரிச்சி ரஸ்ஸலும் செய்த சோதனைகளிலும், அசையாதபடி பிடித்து வைத்த தலையைவிட அசையவிட்ட தலையே எளிதில் அதிர்ச்சிக்கு உள்ளாயிற்று. ஆக, தலைக்கவசம் மண்டை உடைவதைத் தடுக்கும், உயிரைக் காக்கும். ஆனால் உள்ளே மூளை திரும்புவதை முற்றிலும் தடுக்காது. கவசம் போட்டிருந்தானே, பிறகெப்படி என்று கேட்கும் பெற்றோருக்கு ஜெலட்டின் கூழ் பதில் சொல்கிறது.

திரிபுக்குப் பிறகு உயிரணுக்களில் நடப்பதை அமெரிக்காவின் ஹோவ்டாவும் கிஸாவும் 2001-இல் தொகுத்து எழுதினார்கள். அடியின்போது நரம்பணுக்களின் சுவர் தற்காலிகமாகக் கசிகிறது. உள்ளே இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியேறுகிறது, வெளியே இருக்க வேண்டிய கால்சியம் உள்ளே புகுகிறது. அதைச் சரிசெய்ய அணுவுக்கு மிகுந்த ஆற்றல் தேவை. அதே நேரத்தில் இரத்த ஓட்டமோ குறைகிறது. வருமானம் குறைந்த மாதத்தில் வீட்டுக் கூரை ஒழுகத் தொடங்கியதைப் போன்ற நிலை. வீடு இடிந்துவிடவில்லை, ஆனால் புதுச் செலவு எதையும் தாங்காது. அந்தப் பையனின் புதுச் சபக் ஏன் தங்கவில்லை என்பது இதைப் படித்த அன்றுதான் நமக்கு விளங்கிற்று.

அதே வீட்டில் கூரை சரியாவதற்குள் மறுபடி புயல் அடித்தால்? 2006-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸாக்கரி லிஸ்டெட் என்ற 13 வயது மாணவர் அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் தலையில் அடிபட்டார். சற்று ஓய்ந்து அதே ஆட்டத்தில் திரும்பவும் இறங்கினார். ஆட்டம் முடிந்ததும் சரிந்து விழுந்தார். மூளையில் இரத்தக் கசிவு. உயிர் தப்பியது, ஆனால் மீண்டும் நடக்கப் பல ஆண்டுகளாயின. அவர் பெயரிலேயே 2009-இல் அந்த மாநிலம் சட்டம் இயற்றியது: அதிர்ச்சி என்ற ஐயம் எழுந்தால் மாணவர் அன்று ஆடக்கூடாது, மருத்துவ அனுமதியின்றித் திரும்பவும் கூடாது. சில ஆண்டுகளில் எல்லா மாநிலங்களும் அதுபோன்ற சட்டத்தைக் கொண்டுவந்தன.

திரும்பத் திரும்ப விழும் அடியின் கதை குத்துச்சண்டை மேடையில் எழுதப்பட்டது. பல ஆண்டுகள் குத்து வாங்கியவர்கள் தள்ளாடுவதையும் நாக் குழறுவதையும் ஹாரிசன் மார்ட்லாண்ட் என்ற மருத்துவர் 1928-இலேயே பதிவுசெய்தார். நம் வீடுகளில் அன்போடு பேசப்படும் முஹம்மது அலீ அவர்களின் நடுங்கும் கைகளை 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் உலகமே கண்டது. அவருடைய பார்கின்சன் நோய்க்கும் குத்துகளுக்கும் உள்ள தொடர்பு இன்றும் விவாதத்துக்குரியதே. அதை முடிந்த உண்மையாக எழுதுவது நியாயமாகாது. பிள்ளைகளின் தலையில் குட்டும் பழக்கத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: முகத்தில் அடிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதை அறிந்த நாம், அதற்கு ஒரு சாண் மேலே கை வைப்பதை எப்படி அனுமதித்துக்கொண்டோம்?

இனி, கண்ணுக்குத் தெரியாததை எப்படிச் சோதிப்பது? 1971-இல் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டபோது தலைக்காய மருத்துவமே மாறியது. கசியும் இரத்தத்தை உடனே கண்டு உயிரைக் காக்க முடிந்தது. 1974-இல் கிளாஸ்கோவின் டீஸ்டேலும் ஜெனட்டும் நினைவின் அளவைக் கண், பேச்சு, அசைவு மூன்றைக் கொண்டு மதிப்பிடும் முறையை வகுத்தார்கள்; பின்னர் அது 3 முதல் 15 வரையான எண்ணாயிற்று. ஆனால் மூளை அதிர்ச்சிக்கு உள்ளானவரிடம் ஸ்கேன் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். கிளாஸ்கோ எண்ணும் பெரும்பாலும் 15 ஆகவே இருக்கும். இரு கருவிகளும் பேராபத்து உண்டா என்ற கேள்விக்குப் பதில் சொல்பவை. நாமோ அவற்றிடம் வேறொரு கேள்வியைக் கேட்டு, கிடைத்த பதிலை இதற்குப் பொருத்திக்கொள்கிறோம்.

சரியான கேள்வியைக் கண்டவர்களில் ஒருவர் ஆஸ்திரேலியாவின் டேவிட் மேடக்ஸ். அடிபட்ட ஆட்டக்காரரிடம் உன் பெயர் என்ன, பிறந்த தேதி என்ன என்று கேட்பது வழக்கமாக இருந்தது. அவற்றுக்கு அதிர்ச்சி அடைந்தவரும் சரியாகப் பதில் சொல்வார் என்று 1995-இல் அவர் காட்டினார். இது எந்த மைதானம், கடைசியாகப் புள்ளி எடுத்தது யார், சென்ற வாரம் எந்த அணியோடு ஆடினீர்கள் என்று கேட்டால்தான் தடுமாற்றம் வெளிப்பட்டது. ஆழப் பதிந்த பழைய நினைவு நிற்கிறது. புதிதாகப் பதிய வேண்டியதே வழுக்குகிறது. விழுந்த பிள்ளையை எழுப்பி, கலிமா சொல், ஃபாத்திஹா ஓது என்று கேட்டு, தடையின்றி ஓதினால் நெஞ்சில் கைவைத்து அல்ஹம்துலில்லாஹ் என்கிறோம். ஓதுவது பரக்கத்துதான். ஆனால் அது சோதனையாகாது. அந்தப் பிள்ளை அதைத் தூக்கத்திலும் ஓதும். கடைசியாக அவுட் ஆனது யார் என்று கேட்க வேண்டும். ஹிஃப்ழ் பையனின் பழைய ஜுஸ்உகள் நம்மை ஏமாற்றியதும் இப்படித்தான்.

2001-இல் வியன்னாவில் விளையாட்டு மருத்துவர்கள் கூடி இவற்றையெல்லாம் ஒரு முறைக்குள் கொண்டுவரத் தொடங்கினார்கள். 2004-இல் பிராக் நகரக் கூட்டத்தில் ஸ்காட் எனப்படும் சோதனைத் தாள் உருவாயிற்று. 2022 ஆம்ஸ்டர்டாம் கூட்டத்துக்குப் பின் வந்தது அதன் ஆறாம் பதிப்பு. 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குத் தனித் தாள் உண்டு. இதைச் செய்பவர் பயிற்சி பெற்ற மருத்துவராக இருக்க வேண்டும். பத்து நிமிடத்துக்குக் குறைவாகச் செய்து முடிக்கக் கூடியதன்று. முதலில் தலைவலி, வெளிச்சக் கூச்சம், மந்தம், எரிச்சல், தூக்கக் குறை என ஒவ்வொன்றுக்கும் அவரே எண் கொடுக்க வேண்டும். பிறகு பத்துச் சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்ல வைக்கிறார்கள்; ஐந்து நிமிடம் கழித்து அவற்றையே மீண்டும் கேட்கிறார்கள். மாதங்களைப் பின்னிருந்து சொல்ல வேண்டும். கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். ஒரு பாதத்தின் குதிகாலை மற்றதன் விரல்நுனியில் ஒட்டி வைத்துக் கோட்டின்மேல் நடக்க வேண்டும். அடிபட்ட முதல் மூன்று நாள்களில்தான் இதன் பயன் மிகுதி. இவற்றில் பாதி, அடிபட்டவர் தன் வாயால் சொல்வது. அவரை நம்பாமல் இந்தச் சோதனையைச் செய்யவே முடியாது.

குறிகள் அன்றே தோன்ற வேண்டும் என்பதும் இல்லை. 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் மைதானத்தில் ஜோஃப்ரா ஆர்ச்சர் வீசிய பந்து ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. மணிக்கு 148 கிலோமீட்டர் வேகம். வெளியேறினார், சோதனைகளில் தேறினார், திரும்பி வந்து 92 ஓட்டங்களில் ஆட்டமிழந்தார். மறுநாள் காலைதான் தலைவலியும் மந்தமும் தோன்றின. அந்த மாதம் முதல் நாளிலிருந்துதான் மாற்று வீரர் விதி நடைமுறைக்கு வந்திருந்தது. ஸ்மித்துக்குப் பதிலாக மார்னஸ் லபுஷேன் இறங்கினார். டெஸ்ட் வரலாற்றில் அப்படி வந்த முதல் ஆட்டக்காரர் அவரே. உலகின் சிறந்த மருத்துவக் குழு அருகிலிருந்தும் ஓர் இரவு கழிந்த பிறகுதான் தெரிந்தது என்றால், தெரு ஆட்டத்தில் இரண்டு நிமிட ஓய்வு எம்மாத்திரம்?

உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய குறிகள் தனி: வலி கூடிக்கொண்டே போதல், திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, இரண்டாகத் தெரிதல், கை கால் தளர்தல் அல்லது மரத்துப்போதல், கழுத்து வலி, மயக்கம், எழுப்ப முடியாத உறக்கம், புரியாத பேச்சு. இவை தெரிந்தால் எந்தத் தாளையும் நிரப்பிக்கொண்டிருக்கக் கூடாது.

சிகிச்சையின் வரலாறுதான் இதில் மிகச் சுவையானது, கொஞ்சம் தலைகீழானதும்கூட. முதலில் எதுவுமே செய்யவில்லை. எழுந்து ஆடு என்றார்கள். பிறகு தவற்றை உணர்ந்து மறுகோடிக்குப் போனார்கள். இருட்டறை, படுக்கை, புத்தகம் இல்லை, பேச்சு இல்லை, வலி முற்றிலும் நீங்கும் வரை அசையாதே. பல ஆண்டுகள் இதுவே அறிவுரை. ராஸி செய்ததைப் போல இரு பிரிவாக்கி ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் வந்த பிறகுதான் இது ஆட்டம் கண்டது. 2015-இல் மில்வாக்கியில் ஒரு பிரிவினருக்கு ஐந்து நாள் கண்டிப்பான ஓய்வும், மற்றவர்களுக்கு ஓரிரு நாள் ஓய்வும் சொன்னார்கள். ஐந்து நாள் படுத்திருந்த பிள்ளைகளே அதிகக் குறிகளைச் சொன்னார்கள். பஃபலோ நகரின் ஜான் லெடியும் குழுவினரும் இன்னும் ஓர் அடி முன்சென்றார்கள். ஓடுபொறியில் மெல்ல நடக்கவைத்து, எந்த நாடித்துடிப்பில் தலைவலி கூடுகிறது என்று கண்டு, அதற்குச் சற்றுக் கீழே நின்று நாள்தோறும் உடற்பயிற்சி செய்யவைத்தார்கள். 2019-இல் 103 பதின்ம வயதினரிடம் வெளியான ஆய்வில், அப்படிச் செய்தவர்கள் 13 நாள்களிலும், உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்கள் 17 நாள்களிலும் மீண்டார்கள், இவை நடுமதிப்புகள்.

அதற்காக ஓய்வே வேண்டாம் என்பதன்று. முதல் 24 முதல் 48 மணி நேரம் வீட்டோடு இருந்து அன்றாட வேலைகளை மெதுவாகச் செய்தல். அந்த நேரத்தில் கைப்பேசியைத் தள்ளி வைத்தல். 2021-இல் வந்த ஆய்வில் முதல் 48 மணி நேரம் திரையைத் தவிர்த்தவர்கள் மூன்றரை நாளில் தேறினார்கள். பார்த்தவர்களுக்கு எட்டு நாளாயிற்று. மருத்துவர் பார்த்து ஆபத்தில்லை என்ற பிறகு, தூங்க விடாமல் உலுக்கிக்கொண்டிருக்கும் நம் பழைய வழக்கம் தேவையில்லை, தூக்கம் மருந்து. பிறகு நடை, மிதிவண்டி, ஓட்டம், மோதலற்ற பயிற்சி என்று படிப்படியாக. பயிற்சியில் வலி சற்றே தலைகாட்டி ஒரு மணி நேரத்துக்குள் அடங்கினால் அஞ்ச வேண்டாம். பத்தில் இரண்டு புள்ளிக்கு மேல் கூடினால் அன்று நிறுத்தி, மறுநாள் தொடர வேண்டும். மோதல் உள்ள ஆட்டம் மருத்துவர் அனுமதித்த பிறகே. பாடமும் அப்படித்தான் திரும்ப வேண்டும், விளையாட்டுக்கு முன்னால்.

பெரும்பாலான பிள்ளைகள் நான்கு வாரத்துக்குள் மீண்டுவிடுவார்கள். அதற்கு மேலும் தலைசுற்றலும் கழுத்துப் பிடிப்பும் நீடித்தால், கேடு காதின் சமநிலை உறுப்பிலோ கழுத்து மூட்டுகளிலோ இருக்கலாம். அதற்கு இயன்முறை மருத்துவம் உண்டு. 2014-இல் கால்கரியில் 31 பேரிடம் செய்த சிறிய ஆய்வில், அந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 73 விழுக்காட்டினர் எட்டு வாரத்தில் விளையாட்டுக்குத் திரும்பினார்கள். பெறாதவர்களில் 7 விழுக்காட்டினர் மட்டுமே.

நம் பையனுக்கு அதுதான் தேவைப்பட்டது. ருகூஉவிலும் ஸுஜூதிலும் தலை தாழும்போது அவனுக்கு உலகம் சுழன்றது. அதை அவன் எவரிடமும் சொல்லவில்லை. தொழுகையில் சாக்குச் சொல்வதாக நினைப்பார்கள் என்ற அச்சம். நிற்க இயலாதவர் அமர்ந்தும், அதுவும் இயலாதவர் ஒருக்களித்தும் தொழலாம் என்று இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்குக் காட்டப்பட்ட சலுகை அவனுக்கும் உரியது என்பதை ஆலிம் ஒருவர் அவனருகில் உட்கார்ந்து விளக்கினார். சில நாள் நாற்காலியில் அமர்ந்து, சைகையால் ஸுஜூது செய்தான். ஒரு புள்ளியில் கண்ணை நிறுத்தித் தலையை மட்டும் இடமும் வலமும் திருப்பும் பயிற்சியை இயன்முறை மருத்துவர் கற்றுத் தந்தார். உஸ்தாத் தாமாகவே வீட்டுக்கு வந்தார். சபக்கை மூன்று வரியாகக் குறைத்தார். ஒவ்வொரு கால் மணி நேரத்துக்கும் முஸ்ஹஃபை மூடி வெளியே சென்று வரச் சொன்னார். மூன்று வரி ஐந்தாயிற்று, அரைப் பக்கமாயிற்று. சிகிச்சை தொடங்கிய ஐந்தாம் வாரத்தில் முழுப் பக்கத்தையும் ளுஹருக்குப் பின்னும் மறக்காமல் ஒப்புவித்தான். மைதானத்துக்குப் போக மருத்துவர் அனுமதித்தது அதற்கும் இரண்டு வாரம் கழித்து. அன்று அஸர் முடிந்ததும் அவனை அழைத்துப்போக வாசலில் வந்து நின்றது, அவன் தலையில் மோதிய அந்த மற்றப் பையன்தான்.